ஏழாவது வரி

விஜயதசமி. காலை 10.31.

கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் சாலையோரம் ஒரு சின்ன ரசாயனத் தொழிற்சாலை. முந்தின நாள் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள் வாசலில் இன்னும் வாடாமல் நின்றன. மூன்றாம் கூடத்துக்குள், கதவிலிருந்து நான்கடி தூரத்தில், ஐம்பத்திரண்டு வயது உதவியாளர் பழனிவேல் குப்புறக் கிடந்தார். புரோமின் குழாயின் திருகு இறுக மூடியிருந்தது. அதை மூடிவிட்டுத்தான் அவர் விழுந்திருந்தார்.

அவரை வெளியே இழுத்து வந்தவன் ரிஸ்வான், அன்றைய ஆபரேட்டர். ரிஸ்வான் முகத்தில் மாஸ்க் இருந்தது. பழனிவேல் முகத்தில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை 11.10. சிதம்பரம்.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பேராசிரியை அமராவதி தனியாக இருந்தாள். விடுமுறை நாள். இன்ஸ்பெக்டர் கதிர்வேல் உள்ளே வந்து, பிளாஸ்டிக் உறையிட்ட ஒற்றைத் தாளை மேசைமேல் வைத்தார். இருவரும் ஒரே வகுப்பில் பி.எஸ்சி. படித்தவர்கள். அவள் வேதியியலோடு தங்கிவிட்டாள். அவர் தப்பித்துப் போலீஸுக்குப் போனார்.

"இது உன் கையெழுத்துதான அமரா?"

தாளைப் பார்த்ததும் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் தொழிற்சாலைக்கு அவள் எழுதிக்கொடுத்த செய்முறை. சைக்ளோஹெக்சீன் என்ற திரவத்தோடு புரோமினைச் சேர்ப்பது எப்படி என்று பன்னிரண்டு வரிகள்.

"என்ன ஆச்சு?"

கதிர்வேல் சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் மனதில் முதலில் எழுந்தது 'செத்தவர் யார்' என்ற கேள்வி அல்ல. 'என் முறையில் தப்பா?' என்பதுதான். அதற்காக அவள் பிற்பாடு பல நாள் வெட்கப்பட்டாள்.

"உம்மேல ஒண்ணும் இல்ல, பயப்படாத," என்றார் கதிர்வேல். "சொட்டு சொட்டா விடுன்னு நீ எழுதியிருக்க. அந்தப் பையன் ரிஸ்வான் அவசரத்துல குழாயத் தொறந்து வுட்டுட்டான். மேனேஜர் ஸ்ரீதர் அப்டித்தான் எழுதிக் குடுத்திருக்காரு. பையனும் நான்தான் காரணம்னு அழுவுறான். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கேஸ்ல அவன் பேரைச் சேக்கணும். அதுக்கு முன்ன நீ ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா போதும்."

"சேத்தா என்ன ஆவும்?"

"சவூதில ஜுபைல்ல வேல கெடச்சிருக்காம். இன்னும் பன்னெண்டு நாள்ல ஃபிளைட்டு. கேஸ்ல பேரு ஏறிட்டா அது போச்சு. அப்புறம் ஜெயிலு கோர்ட்டு அது தனி."

அமராவதி பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

"புகை என்ன கலரு?"

"இன்னாது?"

"பாத்தவங்க சொல்லியிருப்பாங்கள்ல. புகை என்ன நிறம்?"

கதிர்வேல் வாக்குமூலங்களைப் புரட்டினார். மூன்று பேர். மூவரும் ஒரே சொல். "வெள்ளை. புகைன்னா வெள்ளதான?"

அவள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, கண்ணாடி மூடி போட்ட ஒரு குப்பியைக் காட்டினாள். உள்ளே கருஞ்சிவப்புத் திரவம். அதற்குமேல் காவி நிறத்தில் ஆவி சுழன்றுகொண்டிருந்தது.

"இதுதான் புரோமின். காப்பியடிச்சு பாஸ் பண்ணதால உனக்கு ஞாபகம் இருக்காது. ரிஸ்வான் இதை மொத்தமாத் தொறந்து விட்டிருந்தா, கூடம் பூரா செம்பழுப்புப் புகை வந்திருக்கும். வெள்ளையா வந்தது வேற வாயு. ஹைட்ரஜன் புரோமைடு. ஈரக்காத்துல பட்டா வெள்ளையாப் புகையும். மூச்சுல போனா நுரையீரலப் பொசுக்கிரும்."

"அது எங்கேருந்து வந்துச்சு?"

"அதான் கேள்வி. நான் எழுதின வினையில அது வரவே கூடாது."

புரியாதவருக்குப் புரியவைப்பதென்றால் அமராவதிக்குப் பசி மறந்துபோகும். ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"கடலூர் பஸ்ஸுன்னு வச்சுக்க. சைக்ளோஹெக்சீன்ல இரட்டைப் பிணைப்புன்னு ஒண்ணு இருக்கு. அது பக்கத்துப் பக்கத்துல ரெண்டு காலி சீட்டு மாதிரி. புரோமின் எப்பவும் ஜோடியாத்தான் வரும். வந்த ஜோடி அந்த ரெண்டு சீட்லயும் உக்காந்துடும். யாரும் எறங்க வேணாம். அதனால வாயுவும் வராது. இருட்டுல, குளிர்ல, இதுதான் நடக்கும்."

"சரி."

"இப்ப பஸ்ஸுக்குள்ள வெயில் அடிக்குதுன்னு வை. வெளிச்சம் பட்டா ஜோடி பிரிஞ்சுடும். தனியா வர்ற புரோமின் முரடன். காலி சீட்ட விட்டுட்டு, பக்கத்து சீட்டுல ஏற்கெனவே உக்காந்திருக்க ஹைட்ரஜனக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுக் கீழ எறங்கிடுவான். அந்த எடத்துல இன்னொரு புரோமின் உக்காரும். கீழ எறங்கின ரெண்டு பேருதான் ஹைட்ரஜன் புரோமைடு. அதே ரெண்டு பொருள்தான் கதிர்வேலு. சூழ்நிலை மாறினா வினையே வேற."

சொன்னதோடு விடவில்லை. இரண்டு சோதனைக் குழாய்களில் சைக்ளோஹெக்சீன் கரைசல் எடுத்து ஐஸில் வைத்தாள். ஒன்றை அலுமினியத் தாளால் சுற்றினாள். மற்றதை ஜன்னல் வெயிலில் நிறுத்தினாள். இரண்டிலும் சொட்டுச் சொட்டாகப் புரோமின் விட்டாள். இரண்டிலும் சிவப்பு மறைந்தது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் அந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அமோனியாவில் தோய்த்த கண்ணாடிக் கம்பியை நீட்டியபோது, சுற்றிய குழாயின் வாயில் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் நின்ற குழாயின் வாயில் வெண்புகை திரண்டது.

கதிர்வேல் ஓரடி பின்னால் நகர்ந்தார். "இதேதான் சொன்னாங்க."

"வெளிச்சம், இல்லன்னா சூடு. சூடும் ஜோடியப் பிரிச்சுடும். ரெண்டுல ஒண்ணு உள்ள போயிருக்கு."

"வெளிச்சம் போவ வழியில்ல." அவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். நேற்று 11.50-க்கு எடுத்தது. வினை நடக்கும் கண்ணாடி ரியாக்டர்மேல் கருப்பு ரெக்சின் உறை, கழுத்திலிருந்து அடிவரை, நாடா போட்டுக் கட்டப்பட்டிருந்தது. "நான் உள்ள போனப்பவே இப்டித்தான் மூடியிருந்துச்சு. அப்ப சூடுதான். குளிர் மிஷின ஆஃப் பண்ணிட்டான் பையன். எப்டியும் அவந்தான்."

உறையைப் பார்த்ததும் அமராவதிக்கு ஒரு நிம்மதி வந்தது. தான் எழுதியது அப்படியே நடந்திருக்கிறது. அந்த நிம்மதியும் அவளுக்குப் பிற்பாடு உறுத்தியது.

மதியம் 2.05. கடலூர் காவல் நிலையம்.

ரிஸ்வானுக்கு இருபத்தொன்பது வயது. கண் இமைகள் வீங்கியிருந்தன. வாசல் பெஞ்சில் அவன் மனைவி மெஹ்ரீன், கொண்டுவந்த சாப்பாட்டுப் பையைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

"எப்பவும் மூணாங்கூடத்துலதான் வேலையா?" என்று கேட்டாள் அமராவதி.

"இல்லீங்க மேடம். ஒண்ணாங்கூடம். மூணாங்கூடத்து ஆபரேட்டரு பூஜைக்கு லீவு. விஜயதசமி அன்னிக்கு மொத பேட்ச் போட்டாவணும், நல்ல நேரம் பத்தேகாலோட முடியுதுன்னு சார் கூப்ட்டாரு. வந்தேன்."

"எப்ப ஆரம்பிச்ச?"

"ஒம்போதரை."

"குழாய எவ்வளவு தொறந்த?"

"சொட்டு சொட்டாத்தாங்க. நிமிசத்துக்கு நாப்பது சொட்டு. எண்ணிகினே இருந்தேன்."

"நடுவுல ஜாஸ்தி பண்ணியா?"

"அல்லா மேல ஆணையா இல்லீங்க. சொட்டு விழும், செவப்பா ஒரு கோடு ஓடும், அப்டியே கரைஞ்சு போவும். கரைஞ்சப்புறந்தான் அடுத்த சொட்டு. பாத்துகினேதான் இருந்தேன்."

"குளிர் மிஷினு?"

"அஞ்சு டிகிரி. நான் தொடல."

"அப்புறம் ஏன் நான்தான் காரணம்னு சொன்ன?"

அவன் வீங்கிய இமைகளைத் துடைத்துக்கொண்டான்.

"பத்தே காலுக்கு மூடி ஓரத்துல வெள்ளையாக் கசிய ஆரம்பிச்சுது. மாஸ்க் ஒண்ணுதான் இருந்துச்சு மேடம். அது எம்மூஞ்சில இருந்துச்சு. இன்னொன்னு எடுத்தாரேன் மாமா, உள்ள போவாதன்னு பழனிவேலு மாமாகிட்ட சொல்லிட்டு ஆபீசுக்கு ஓடினேன். நான் வர்றதுக்குள்ள அவரு உள்ள போய்ட்டாரு. குழாய மூட. அது நான் மூட வேண்டியது."

அமராவதி வெளியே வந்தாள். அவன் சொன்னதில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. பல் இடுக்கில் சிக்கிய நார் மாதிரி அது உறுத்தியது. ஆனால் எது என்று பிடிபடவில்லை. பெஞ்சைக் கடந்தபோது மெஹ்ரீன் எழுந்தாள்.

"அவுரு வூட்டுல கேஸ் அடுப்பக் கூட ரெண்டு வாட்டி பாத்துட்டுத்தான் படுப்பாரு. அவசரப்படற ஆளு இல்லீங்க."

"தெரியும்மா," என்றாள் அமராவதி. நிமிடத்துக்கு நாற்பது சொட்டு எண்ணியவன் அவசரப்படுகிறவன் அல்ல.

மாலை 3.20. தொழிற்சாலை.

மேனேஜர் ஸ்ரீதர் வாசலிலேயே காத்திருந்தார். நெற்றியில் வியர்வை.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு மேடம். உங்க பேப்பர்படிதான் எல்லாம் நடந்துச்சு. ஆளுதான் சரியில்ல."

மூன்றாம் கூடம் சுத்தமாக இருந்தது. அமராவதி முதலில் வெப்பப் பதிவுக் கருவியிடம் போனாள். வட்டமான தாளில் பேனா முனை தானாக வரைந்த கோடு. காலை ஒன்பதரை முதல் பத்தரைவரை அது நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் எறும்பு ஊர்ந்தது போலப் போயிருந்தது.

"கதிர்வேலு, இங்க பாரு. குழாயத் தொறந்து மொத்தமா விட்டிருந்தா, உள்ள கெளம்பற சூட்டுக்கு இந்தக் கோடு செங்குத்தா ஏறியிருக்கும். ஏறல. அவன் தொறந்து விடல. குளிர் மிஷினும் நிக்கல. சூடு இல்லவே இல்ல."

"வெளிச்சமும் இல்ல," என்றார் கதிர்வேல், உறையைக் காட்டி.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரைத் தகடுகளுக்கு நடுவே வெளிச்சத்துக்காகப் போட்ட ஒளிபுகும் தகடு. முற்பகல் வெயில் சரியாக ரியாக்டர்மேல் விழும். அதனால்தான் உறையே. ஆனால் உறை இருக்கிறதே.

கூடத்தை மெல்லச் சுற்றிவந்தாள். பம்பு. அதில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மின்சாரப் பெட்டி, பொட்டு. எடைத் தராசு, பொட்டு. தீயணைப்பு உருளைக்கும் பொட்டு. மூலையில் சாய்த்திருந்த துடைப்பத்தின் பிடியில்கூட யாரோ பாசமாக ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

கருப்பு உறையை ஒரு முறை சுற்றினாள். இன்னொரு முறை சுற்றினாள்.

அப்போது பல் இடுக்கு நார் விடுபட்டது. செவப்பா ஒரு கோடு ஓடும், பாத்துகினேதான் இருந்தேன். எதன் வழியாகப் பார்த்தான்?

"ஸ்ரீதர் சார், பூஜையில இந்த ரியாக்டருக்குப் பொட்டு வைக்கலையா?"

"அது எப்டி மேடம் வைக்காம இருப்போம்? நமக்குச் சோறு போடறதே அதுதான. அதுக்குத்தான் மொதல்ல..." ஸ்ரீதர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எங்க வச்சீங்க?"

ஸ்ரீதரின் கண் கருப்பு உறைக்குப் போனது.

அமராவதி நாடாக்களை அவிழ்த்தாள். உறை பிரிந்தது. பளபளவென்று துலக்கிய கண்ணாடியின் நெற்றியில், உள்ளங்கை அளவுக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. உறை உரசியதில் பொட்டு ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. உறையின் உட்புறத்தைத் திருப்பினாள். அதே உயரத்தில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. ரெக்சினிலிருந்து சோப்பு வாசனை வந்தது.

"துடைப்பத்துக்குப் பொட்டு வச்சவங்க இதுக்கு வைக்காம விட்டிருக்க மாட்டாங்க," என்றாள். "வச்சிருக்காங்க. கண்ணாடி மேல. அப்ப பூஜை அன்னிக்கு உறை இல்ல. பேட்ச் ஓடினப்பவும் இல்ல. இருந்திருந்தா, சொட்டு கரையறத ரிஸ்வான் பாத்திருக்க முடியாது. இந்த உறையில ஒரு ஓட்டைகூடக் கெடையாது. ஆனா நீ போட்டோ எடுத்தப்ப உறை இருந்துச்சு. நடுவுல யாரோ பொட்டு மேலயே மாட்டியிருக்காங்க. அந்த நேரத்துல எல்லாரும் பழனிவேலத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க. இங்க இருந்தது யாரு கதிர்வேலு?"

கதிர்வேலுக்கு வாக்குமூலத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் ஸ்ரீதரைப் பார்த்தார்.

ஸ்ரீதர் தராசின் மேடையில் உட்கார்ந்துவிட்டார். முள் ஆடி நின்றது.

"பழனிவேலுதான் சார் கழட்டினாரு. பூஜைக்கு எல்லாத்தையும் கழுவும்போது, இது மட்டும் அழுக்கா இருக்குதேன்னு, சோப்பு போட்டுத் தொவச்சு மதில் மேல காயப் போட்டாரு. காலையில பாத்தா இன்னும் ஈரம். நல்ல நேரம் போவுது. காஞ்சப்புறம் போட்டுக்கலாம்னு நான்தான் ஆரம்பிக்கச் சொன்னேன்."

"ரிஸ்வான் ஒண்ணும் கேக்கலையா?" என்றார் கதிர்வேல்.

"கேட்டான். சார், பேப்பர்ல உறை போடணும்னு இருக்குதேன்னான். அது தூசி படாம இருக்கறதுக்குடா, ஒரு நாள்ல ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன். சத்தியமா அப்டித்தான் நெனச்சேன். ஆளு செத்துட்டாருன்னு போன் வந்ததும் பயந்துட்டேன். பேப்பர்ல இருக்கறது இல்லன்னா என்னத்தான புடிப்பாங்க. எடுத்து மாட்டிட்டேன்."

"மாட்டிட்டு, பையன்தான் தொறந்து வுட்டான்னு எழுதிக் குடுத்த."

ஸ்ரீதர் தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்து அமராவதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"வெளிச்சம் பட்டா விஷம் வரும்னு அதுல ஒரு வார்த்த இல்லையே மேடம்."

கதிர்வேல் அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினார். அமராவதி சுவரில் மாட்டியிருந்த தன் தாளின் நகல் முன் போய் நின்றாள். பன்னிரண்டு வரிகள். நான்காவது: 'புரோமினைச் சொட்டுச் சொட்டாக விடவும்.' ஏழாவது: 'ரியாக்டரைக் கருப்பு உறையால் முழுவதும் மூடவும்.' அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் முதலில் எழுதியது மூன்று பக்கம். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு 'ஏனென்றால்' இருந்தது. ஏழாவது வரிக்கு மட்டும் அரைப் பக்கம். "யாரு மேடம் இவ்வளவு படிப்பாங்க, செவுத்துல மாட்டறாப்புல ஒரு பக்கத்துல குடுங்க," என்று ஸ்ரீதர் சிரித்தபடி கேட்டார். அவளுக்கும் அன்று கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். செய்ய வேண்டியதை வைத்துக்கொண்டு காரணங்களை மட்டும் கோடு போட்டு அடித்தாள். பன்னிரண்டு 'ஏனென்றால்'களையும் அடிக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

மாலை 5.40. காவல் நிலையம்.

"ஸ்ரீதர் பேரு போட்டாச்சு. சாட்சியத்த மறைச்சதுக்கும் சேத்து," என்றார் கதிர்வேல். "ரிஸ்வான் இப்ப சாட்சி மட்டுந்தான். ஜுபைலுக்குப் போலாம். நீ உன் அறிக்கையில கையெழுத்துப் போடு."

அமராவதி கடைசியில், காரணங்களை அடித்துக் கொடுத்தது தான்தான் என்று ஒரு பத்தி சேர்த்தாள். கதிர்வேல் எட்டிப் படித்தார்.

"இதுக்கெல்லாம் செக்‌ஷன் இல்ல அமரா."

"தெரியும். இருந்துட்டுப் போவட்டும்."

வெளியே ரிஸ்வான் மெஹ்ரீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுப் பை இப்போதும் பிரியவில்லை. அமராவதியைக் கண்டதும் எழுந்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? நான் மெதுவா விட்டதுல ஒண்ணும் தப்பு இல்லியே?"

'இல்லை' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அது பாதி உண்மை. காரணத்தை அடித்துவிட்டு வரியை மட்டும் கொடுக்க அவளுக்கு இன்னொரு முறை மனம் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். பஸ்ஸையும் காலி சீட்டையும் முதலிலிருந்து சொன்னாள். ஜோடிகள் கும்பலாக ஏறினால் காலி சீட்டு உடனே நிரம்பும். ஒன்றொன்றாக ஏறும்போதுதான், வெயிலில் பிரிந்த முரடனுக்குப் பக்கத்து சீட்டு ஆளை இழுக்க அவகாசம் கிடைக்கும். இருட்டில் மெதுவாக விடுவது பாதுகாப்பு. வெயிலில் அதே நிதானம் வாயுவைக் கூட்டும். மெதுவாக விடச் சொன்னது அவள். வெயிலை மறைக்கச் சொன்னதும் அவள். இரண்டும் ஒன்றையொன்று நம்பி இருக்கின்றன என்பதைத்தான் சொல்லவில்லை.

"சொன்னத நீ சரியா செஞ்ச. நான் சரியா சொல்லல."

ரிஸ்வான் கடைசிவரை கேட்டான்.

"இத யாராச்சும் அன்னிக்கே சொல்லியிருந்தா," என்றான், "அந்த உறைய ஈரத்தோடவே மாட்டியிருப்பேன் மேடம்."